நவம்பர் மாதக் கவுன்ட்டர்

நவம்பர் 3, 2025, திங்கள்

பென்ஷன் வாரம். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேருக்கு எங்கள் கிளையில்தான் கணக்கு. மத்திய அரசு ஓய்வூதியம் என்பதால் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுத்தாக வேண்டும். எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். கைரேகை விழாதவர்களுக்கு முகத்தைப் படம்பிடித்துச் சான்று அனுப்பும் வசதி 2021இல் வந்தது. இருந்தாலும் நேரில் வந்து, நம் முகத்தைப் பார்த்து, "முடிஞ்சுதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால்தான் இவர்களுக்கு நிம்மதி. காலை பத்து மணிக்கே நாற்காலி போதவில்லை.

ஒரு பெரியவர் மட்டும் அலுத்துக்கொண்டார். "நேத்தே போன்ல எல்லாம் முடிச்சுட்டாங்களேம்மா, மறுபடியும் எதுக்கு?"

யார் முடித்தார்கள் என்று கேட்டேன். "நம்ம பேங்க்குதான். என் பி.பி.ஓ. நம்பர், ரிடையர் ஆன தேதி எல்லாம் அவங்களே சொன்னாங்களே."

கணக்கை உடனே திறந்து பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. அவரிடம் ஏ.டி.எம். கார்டே இல்லை, கார்டு எண்ணைக் கேட்ட ஆள், இல்லை என்றதும் வைத்துவிட்டான். தப்பினார் என்றால் அது ஒன்றால்தான்.

முன்பெல்லாம் இப்படிப் பேசுபவனுக்குத் தமிழ் வராது. "கார்டு மேலே பதினாறு நம்பர் சொல்லு சார்" என்று ஆரம்பிக்கும்போதே சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். இன்று பேசுபவன் "வணக்கம் ஐயா, சாப்பிட்டீங்களா" என்கிறான். ஓய்வூதிய ஆணை எண், பணியில் சேர்ந்த தேதி, கணக்கு எண் வரை கையில் வைத்துக்கொண்டு பேசுகிறான். அந்த விவரங்கள் எல்லாம் தெரிந்த ஒருவர் வங்கிக்காரராகத்தான் இருப்பார் என்று ஒரு எழுபது வயதுக்காரர் நினைப்பதில் என்ன தவறு? நம் விவரம் எல்லாம் ஒருவனுக்குத் தெரியும் என்பது அவன் யார் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. இதை வரிசையில் நின்றவர்களிடம் உரக்கவே சொன்னேன்.

நவம்பர் 6, வியாழன்

இன்று நடந்ததை நிதானமாக எழுதி வைக்க வேண்டும்.

கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்தார், பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரை வாங்க ஐயாயிரம் எடுக்க வேண்டும் என்று படிவத்தை நீட்டினார். கை நடுங்கியது. கணக்கில் இருந்தது நானூற்றுச் சொச்சம். நான் சொல்வதற்கு முன்பே அவர் தலையைக் குனிந்துகொண்டார். பணம் போனது அவருக்கு நேற்று சாயங்காலமே தெரியும்.

பாஸ்புக்கை அச்சிட்டேன். இரண்டு வரிகள். நேற்று மாலை 6.12க்கு 98,000 ரூபாய். அதற்குக் கீழே, நள்ளிரவு தாண்டி 12.07க்கு 86,000 ரூபாய். தினசரி உச்சவரம்பு பன்னிரண்டு மணிக்குப் புதுப்பிக்கப்படும். அதற்காகவே காத்திருந்து இரண்டாம் முறை எடுத்திருக்கிறார்கள்.

அவருடைய செல்போனை வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் எங்கள் வங்கியின் சின்னத்தைப் படமாக வைத்த ஒரு எண். "ஐயா, உயிர்வாழ்வுச் சான்று நிலுவையில் உள்ளது, இன்று மாலைக்குள் முடிக்காவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும்" என்று நல்ல தமிழில் ஒரு செய்தி. கீழே ஒரு கோப்பு. பெயர் 'ஜீவன் பிரமாண்', கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று எழுத்து. அதைத் தொட்டால் படமோ கடிதமோ திறக்காது. ஒரு செயலி போனுக்குள் உட்கார்ந்துகொள்ளும். உட்காரும்போது அது கேட்ட முதல் அனுமதி, குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்பது. அவர் 'சரி' என்று அழுத்தியிருக்கிறார். பிறகு வங்கிப் படிவம் போலவே ஒரு பக்கம் வந்திருக்கிறது. கணக்கு எண், கார்டு எண், காலாவதி மாதம், ஏ.டி.எம். ரகசிய எண் எல்லாம் நிரப்பியிருக்கிறார்.

"ஓ.டி.பி.ய யாருக்கும் சொல்லலம்மா. சத்தியமா சொல்லல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். அவர் சொல்லவே தேவையில்லை. குறுஞ்செய்தி வந்ததும் அந்தச் செயலியே படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். பணம் போன தகவலும் இவர் கண்ணில் படாது. பல வருடமாக நாங்கள் சுவரில் ஒட்டி வைத்திருப்பது 'ஓ.டி.பி.யைப் பகிராதீர்கள்' என்ற ஒரே வாசகம். அதை அவர் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்.

நேற்று மாலை ஏ.டி.எம்.மில் யாரோ ஒருவரைக் கொண்டு இருப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசினீர்களா என்று கேட்டேன். அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. வீட்டிலாவது சொன்னீர்களா என்றேன். "பையன்கிட்ட என்னன்னு சொல்றது? பேரன் முன்னாடி திட்டுவான்." ராத்திரி முழுக்கத் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அங்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் இரண்டாவது தொகை போயிருக்கிறது.

கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கிவிட்டு, என் மேசைத் தொலைபேசியிலிருந்தே 1930ஐ அழைத்தோம். பெயர், செல் எண், கணக்கு எண், தொகை, நேரம், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய குறிப்பு எண். இவ்வளவுதான் கேட்டார்கள். பதிந்ததும் பணம் போன வங்கிக்கு உடனே தகவல் போகிறது. அங்கிருந்து வேறு கணக்குக்குப் போயிருந்தால் அடுத்த வங்கிக்கும். பணம் எந்தக் கணக்கில் மிச்சம் இருக்கிறதோ அங்கே நிறுத்தி வைப்பார்கள். யாராவது பணமாக எடுத்துவிட்டால் நிறுத்த ஒன்றும் இருக்காது. பிறகு சைபர் குற்றத் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து, ஒப்புகை எண்ணை அவர் பாஸ்புக்கின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

போனை விமானப் பயன்முறையில் போட்டு, அந்தச் செயலியை நீக்கி, போன் முழுவதையும் அழித்துப் புதிதாக அமைக்கச் சொல்லி அனுப்பினேன். மாத்திரைக்கு ஐயாயிரத்தை மேலாளர் தன் பையிலிருந்து கொடுத்தார். பெரியவர் வாங்க மறுத்தார். நான் கட்டாயப்படுத்தினேன்.

நவம்பர் 7, வெள்ளி

மகன் வந்தார். நேராக என் மேசைக்கு வந்து, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவருக்கு எதுக்கு மேடம் ஸ்மார்ட்போன்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று ஆரம்பித்தார். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரை உட்கார வைத்து ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினேன். வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ தவறு இல்லாமல், வெளியே எங்கோ நடந்த கோளாறால் பணம் போய், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரைதான் அவர் ஏற்க வேண்டும். வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டார் என்றால், புகார் சொல்லும் வரை போன பணம் அவருடைய நஷ்டம். புகார் சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் நஷ்டம். வங்கி தொண்ணூறு நாளுக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

"அப்போ நேத்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு முன்னாடி அப்பா சொல்லியிருந்தா?" என்று கேட்டார். முந்தாநாள் ராத்திரி என்று திருத்தினேன். பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. அப்பாவின் தோளில் கை வைத்துக் கூட்டிப் போனார்.

திட்டு விழும் என்ற பயம்தான் இந்த வீட்டில் 86,000 ரூபாயைத் தின்றது. நான் பார்க்கும் வழக்கு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு அளவில் இது இருக்கிறது. கணவனுக்குத் தெரியக்கூடாது, மருமகள் முன்னால் மானம் போகும், அலுவலகத்தில் சிரிப்பார்கள். ஏமாற்றுபவனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவன் ஆரம்பத்திலேயே "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்கிறான்.

நவம்பர் 11, செவ்வாய்

கல்லூரிப் பையன் ஒருவன், கணக்கு முடங்கிவிட்டது என்று வந்தான். வேறு மாநிலக் காவல் நிலையத்தின் புகாரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கணக்கில் வந்து போன பணத்தைப் பார்த்தால் அவன் வயதுக்கும் வசதிக்கும் பொருந்தவில்லை. துருவிக் கேட்டதும் சொல்லிவிட்டான். தெரிந்த அண்ணன் ஒருவர் கார்டையும் சிம்மையும் வாங்கிக்கொண்டு மாதம் ஏதோ கொடுப்பதாகச் சொன்னாராம். "நான் ஒண்ணும் பண்ணல மேடம், சும்மா குடுத்தேன்."

ஃபிட்டர் ஐயாவின் பணமும் இப்படி யாரோ ஒரு பையனின் கணக்கில்தான் போய் இறங்கியிருக்கும். பேசுபவன் ஜாம்தாராவில் இருக்கலாம், கம்போடியாவில் இருக்கலாம்; பணம் இறங்கக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு நம் தெருவில் வாடகைக்குக் கிடைக்கிறது. போலீஸ் முதலில் வந்து நிற்பதும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில்தான். அவனை உட்கார வைத்து, வக்கீல் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் நடந்ததை முழுதாகச் சொல்லிவிடு என்றேன். அம்மா கீரை விற்கிறார் என்று சொன்னான்.

நவம்பர் 14, வெள்ளி

ஓய்வு பெற்ற ஆசிரியை. வைப்புத்தொகை ரசீதுகள் எல்லாவற்றையும் மொத்தமாக உடைத்து, ஒரு கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றார். காரணம் கேட்டால் "நிலம் வாங்குறோம்" என்றார். பதில் ஒப்பிப்பதுபோல் இருந்தது. கைப்பையை மேசைமேல் வைக்காமல் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே போனின் வெளிச்சம்.

வாயைத் திறக்காமல் சலான் பின்பக்கம் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். "போனில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா? தலையை மட்டும் ஆட்டுங்கள்."

ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது.

போனை வாங்கி அணைத்துவிட்டு, உள்ளே மேலாளர் அறைக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தோம். முதலில் வந்தது வங்கியிலிருந்து என்று ஒரு அழைப்பு. அவர் பெயரில் வாங்கிய கிரெடிட் கார்டில் பாக்கி நிற்கிறதாம். நான் கார்டே வாங்கவில்லையே என்றதும், "அப்போ உங்க ஆதாரை யாரோ தப்பா பயன்படுத்திட்டாங்க, போலீஸ்ல பேசுங்க" என்று இணைப்பை மாற்றிவிட்டிருக்கிறார்கள். பிறகு வீடியோவில் சீருடை, பின்னால் கொடி, சி.பி.ஐ. முத்திரை போட்ட கடிதம். கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பணத்தை 'ரிசர்வ் வங்கியின் பாதுகாப்புக் கணக்குக்கு' மாற்றினால் சரிபார்த்துத் திருப்பித் தருவோம். தனி மனிதர்களுக்கு ரிசர்வ் வங்கி வைப்புக் கணக்கே வைத்திருப்பதில்லை. வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைது செய்ய இந்த நாட்டுச் சட்டத்தில் இடமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். போன மாதம், அம்பாலாவில் ஒரு வயதான தம்பதியைப் போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்ததை உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்திருக்கிறது.

டீச்சரின் பணம் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. முப்பது வருடம் வகுப்பறையை ஆண்டவர். "என்னையே இப்படிப் பயமுறுத்திட்டாங்களே" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. படித்தவர் ஏமாறமாட்டார் என்பது பொய். சட்டத்துக்குப் பயந்து, நேர்மையாக வாழ்ந்தவர்தான் சீருடையைப் பார்த்ததும் அதிகம் பயப்படுகிறார்.

சகோதரியின் மகன் வந்து அழைத்துப் போகும்வரை அவரைத் தனியாக விடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை முதல் தேதி. மாலை போடுகிற சாமிகளால் மார்க்கெட்டில் காலையிலேயே நெரிசல். பூக்கடை அக்கா கையில் ஈர நாரோடு ஓடி வந்தார். "மேடம், ஏமாந்துட்டேன் போல இருக்கு, பாருங்க!"

தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடனில் அடுத்த தவணை பாஸ் ஆகிவிட்டது, நாங்கள் வங்கியிலிருந்துதான் பேசுகிறோம், ஃபைல் சார்ஜ் 4,999 கட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வியாபார மும்முரத்தில் ஜிபேயில் அனுப்பிவிட்டார். அடுத்த நிமிடமே இன்னொரு 9,000 கேட்டதும் சந்தேகம். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு நேரே இங்கே. நின்றபடியே 1930க்குப் பேசினோம். மதியத்துக்குள் அந்தத் தொகை எதிர்க் கணக்கிலேயே நிறுத்தப்பட்டதாகத் தகவல் வந்தது.

அக்காவுக்கு ஏமாந்ததில் கூச்சமே இல்லை. கிளை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

மண்டல அலுவலகத்தில் கூட்டம். விழிப்புணர்வுச் சுவரொட்டி எத்தனை ஒட்டினோம் என்பதுதான் பேச்சு. நான் வேறு ஒன்றைக் கேட்டேன். நாமும் அதே மாதிரித்தானே பேசுகிறோம்? நம் ஆட்களே பத்து இலக்கச் செல் எண்ணிலிருந்து கூப்பிட்டு, "கே.ஒய்.சி. இன்றே முடிக்காவிட்டால் கணக்கு முடங்கும்" என்கிறார்கள். குறுஞ்செய்தியில் சுட்டி வைத்து அனுப்புகிறோம். இப்படிப் பழக்கிவிட்டு, அதே குரலில் திருடன் பேசினால் மட்டும் கண்டுபிடி என்று எழுபது வயதுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

சிலருக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை. சரியான ஏற்பாடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அக்டோபர் 31க்குள் வங்கிகள் தங்கள் இணையதள முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். திருடன் விலை கொடுத்தும் வாங்க முடியாது. அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண். வணிக வங்கிகள் ஜனவரி 1க்குள் அதற்கு மாறியாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போன வாரம் உத்தரவிட்டிருக்கிறது. 1600இலிருந்தே வந்தாலும் ரகசிய எண்ணைக் கேட்டால் வைத்துவிட வேண்டியதுதான்.

சாயங்காலம் ஓய்வூதியர் சங்கத்தில் பேசப் போனேன். வங்கியின் எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள், அங்கேயும் போலி எண்கள் இருக்கின்றன, கார்டின் பின்னால் அச்சடித்த எண்ணை மட்டும் கூப்பிடுங்கள் என்றேன். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை என்றேன். திரையைக் காட்டும் செயலியைப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள் என்றேன். கேள்வி நேரத்தில் ஃபிட்டர் ஐயா எழுந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, அந்த இரண்டு வரிகளையும் நேரத்தோடு படித்தார். "ரெண்டாவது போனது என் வாய் மூடியிருந்ததால" என்றார். அவர் உட்கார்ந்த பிறகு வேறு இரண்டு பேர் எழுந்து, இதுவரை வீட்டில்கூடச் சொல்லாததைச் சொன்னார்கள். அவர்களை நாளை காலை கிளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 29, சனி

சைபர் பிரிவிலிருந்து கடிதம். ஃபிட்டர் ஐயாவின் முதல் தொகை அன்று இரவே வட மாநிலத்தில் ஒரு ஏ.டி.எம்.மில் பணமாக எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது தொகை மூன்று கணக்கு தாண்டிப் போயிருக்கிறது. கடைசிக் கணக்கில் 41,500 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கினால் அது அவர் கைக்கு வரும். மனுவுக்கான கணக்குச் சான்றை இன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மீதிப் பணத்துக்கு நம்பிக்கை வைக்க வேண்டாம் என்பதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

மாலை 6.12க்குப் போன முதல் தொகை கிடைத்திருக்குமா என்பது அவர் எவ்வளவு சீக்கிரம் அழைத்திருப்பார் என்பதைப் பொறுத்தது. இருப்பைப் பார்த்த உடனே 1930க்குப் பேசிக் கணக்கை முடக்கியிருந்தால், 12.07க்கு அந்த 86,000 ரூபாய் போயிருக்காது.